தாள் சாட்சி சொல்லாது

1

சென்ற மாதக் கூட்டத்தில் எங்களுள் ஒருவர் தம் புதிய சிறுகதையைக் கைப்பிரதியிலிருந்து வாசித்தார். மணமாகிச் சில ஆண்டுகளாகியும் குழந்தையில்லாத ஓர் இணையரைப் பற்றிய கதை. மருத்துவமனை, நீண்ட காத்திருப்பு, எண் சொல்லி அழைக்கும் பெண், ஆய்வக முடிவுகள். இறுதிப் பத்தியில் கணவன் ஒரு தாளை விரிக்கிறான். 'கிளமிடியா: பாசிட்டிவ்' என்றிருக்கிறது. அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனைவியைத் திரும்பிப் பாராமல் பேருந்து நிலையத்தை நோக்கி நடக்கிறான். கதை அங்கே முடிகிறது.

முடிவு கச்சிதமாக இருக்கிறது என்றார் ஒருவர். ஒரு சொல்லால்கூட விளக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதே என்று வியந்தார் இன்னொருவர். மற்றவர்களும் தலையசைத்தோம். அந்தத் தலையசைப்புக்கு நாங்கள் செய்யும் பிராயச்சித்தம் இக்கட்டுரை.

மூன்று நாள் கழித்துத் தோழி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அன்றைய கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசாதிருந்தவர் அவர். "அந்தக் கதையில் வருகிற தாள் என்னிடம் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்க உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே" என்றார். அவர் சொன்னதை, அவருடைய ஒப்புதலுடன், அடையாளங்களை நீக்கிவிட்டு இங்கே தருகிறோம்.

மணமாகி ஐந்தாம் ஆண்டு. குழந்தைக்காகப் பரிசோதனை, வழக்கம்போல் முதலில் மனைவிக்கு. கருப்பை வாயிலிருந்து எடுத்த மாதிரியில் கிளமிடியா இருப்பதாக முடிவு வந்தது. உடன் சென்ற கணவர் 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல்லை வாசித்தார். அதற்கு மேல் எதையும் வாசிக்கவில்லை. அன்றிரவே இரு வீட்டாரும் கூடிவிட்டனர். மருத்துவர் இருவருக்குமாக எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் ஒருவருக்கானது மட்டுமே வாங்கப்பட்டது. தமக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆகவே மருந்தும் தேவையில்லை என்றார் கணவர். ஆறு வாரம் கழித்து, உறவினர் ஒருவரின் வற்புறுத்தலுக்கு இணங்கி அவரும் சோதனைக்குச் சிறுநீர் கொடுத்தார். 'நெகட்டிவ்' என்று வந்தது. அந்தத் தாளை அவர் வீட்டார் தீர்ப்பு நகலைப்போல் ஏந்தி வந்தனர். இருமலும் காய்ச்சலும் என்று தெருமுனை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, அந்த ஆறு வாரத்துக்குள் அவர் விழுங்கியிருந்த அசித்ரோமைசின் மாத்திரைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் தோழியின் கருக்குழாய்களுள் ஒன்று அடைபட்டிருப்பது தெரிந்தது. அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை. பேசப்பட்டதெல்லாம் குடும்ப மானம்.

"நான் எப்படி நடந்துகொண்டேன் என்று எனக்குத் தெரியும். அவர் எப்படி நடந்துகொண்டார் என்று அவருக்குத் தெரியும். தாளுக்கு இரண்டுமே தெரியாது. ஆனால் எல்லோரும் தாளைத்தான் கேட்டார்கள்" என்றார் தோழி.

2

வாசிப்பைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பவர்கள் நாம். ஒரு பிரதி எதைச் சொல்கிறது, வாசகன் எதை அதன்மீது ஏற்றுகிறான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அப்படிப்பட்ட நமக்கு, இரண்டு சொற்கள் கொண்ட ஓர் ஆய்வக முடிவை வாசிக்கத் தெரியவில்லை.

இலக்கணமாகவே பார்ப்போம். 'கிளமிடியா: பாசிட்டிவ்' என்பதன் பொருள் 'இருக்கிறது' என்பது மட்டுமே. மாதிரி எடுத்த நாளில், எடுத்த இடத்தில், அந்த நுண்ணுயிரின் மரபுப்பொருள் இருக்கிறது. 'வந்தது' என்பதில்லை; ஆகவே இறந்தகாலம் இல்லை. 'கொண்டுவந்தாள்' என்பதில்லை, ஆகவே எழுவாயும் இல்லை. காலமும் எழுவாயும் வாசித்தவர்கள் இட்டு நிரப்பியவை. கைப்பிரதியில் வரும் கணவன் இட்டு நிரப்பினான். கூட்டத்தில் அமர்ந்திருந்த நாங்களும் அதையே செய்தோம்.

இந்த நுண்ணுயிரின் பெயரே நம்மை எச்சரித்திருக்க வேண்டும். 1907இல் ஜாவாத் தீவில் ஹால்பர்ஸ்டேட்டர், புரோவசெக் என்ற இரு ஆய்வாளர்கள், டிரக்கோமா என்னும் கண்நோயை ஆராயும்போது உயிரணுக்களுக்குள் விசித்திரமான திரள்களைக் கண்டார்கள். அவை ஏதோ போர்வைக்குள் இருப்பதுபோல் தோன்றியதால், மேலாடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டார்கள். கிளமிடியா என்றால் போர்த்திக்கொண்டது. அது வெறும் உவமையன்று. இந்த பாக்டீரியாவால் நம் உயிரணுக்களுக்குள் புகுந்துதான் பெருக முடியும். உள்ளே ஒடுங்கிக் கிடப்பதால் பெரும்பாலான பெண்களிடமும், ஆண்களில் பாதிப் பேருக்கு மேற்பட்டோரிடமும் அது எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. எரிச்சல் இல்லை, வலி இல்லை, வெள்ளைப்படுதல்கூட இல்லாமலிருக்கலாம். தம்மிடம் அது இருப்பதை அறியாமலே ஒருவர் காதலிக்கலாம், மணக்கலாம், ஆண்டுவிழா கொண்டாடலாம்.

எவ்வளவு காலம்? கொலம்பிய நாட்டில் அறிகுறியற்ற பெண்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2005இல் வெளியானது. மருந்தில்லாத நிலையில், ஓராண்டு கழிந்தபின்னும் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் தொற்று நீடித்தது. இரண்டாண்டில் ஐந்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. நான்காண்டு கழித்தும் நூற்றுக்கு ஐந்தாறு பேரிடம் அது எஞ்சியிருந்தது. மற்றவர்களின் உடல் தானாகவே அதை வெளியேற்றிவிட்டது. இந்த எண்களை இரு திசையிலும் நேர்மையாக வாசிக்க வேண்டும். நேற்று முடிவு 'பாசிட்டிவ்' என்றால் நேற்று முன்தினம் துரோகம் நடந்தது என்று பொருளில்லை. அதேபோல் இருபதாண்டு இல்லறத்தில் இன்று கண்டது இளமையின் எச்சம்தான் என்று அடித்துச் சொல்லவும் இந்த எண்கள் இடம் தரவில்லை. காலம் நீள நீளப் பழைய தொற்று என்பதற்கான வாய்ப்பு குறையும். குறைந்தாலும் எந்தத் தேதியில் அது சூன்யமாகிறது என்று சொல்ல ஒருவராலும் இயலாது.

இணையத்தில் தேடிவிட்டு வந்து 'அறுபது நாள்' என்று வாதிடுபவர்களையும் கண்டோம். அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதலில் கடந்த அறுபது நாள்களில் உறவு கொண்டவர்களுக்குத் தெரிவித்துச் சிகிச்சை தரச் சொல்லியிருப்பது உண்மை. யாரையெல்லாம் தேடிச் சென்று மருந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக வகுத்த எல்லை அது. அறுபது நாளில் உறவே இல்லையென்றால் கடைசியாக இருந்த துணைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. மருந்து சேர வேண்டிய தூரத்தைக் குற்றம் நடந்த தூரமாக அளக்கிறார்கள் நம் வீட்டுத் துப்பறிவாளர்கள்.

3

இன்னும் அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு: தாளில் இருப்பது எந்தச் சோதனை?

நம்மூரில் மகப்பேறின்மைக்கு வரும் பெண்களிடம் இரத்தம் எடுத்து கிளமிடியா ஐஜிஜி பார்ப்பது அரிதன்று. அது நுண்ணுயிரைத் தேடும் சோதனை அல்ல. நம் உடல் எப்போதோ உண்டாக்கிய எதிர்ப்புப்பொருளைத் தேடுவது. என்றோ வந்து என்றோ போன தொற்றுக்கும் அது 'பாசிட்டிவ்' காட்டும். இருமலும் நுரையீரல் அழற்சியும் உண்டாக்கும் வேறொரு கிளமிடியா இனம் இருக்கிறது. அதற்கும் பாலுறவுக்கும் தொடர்பே இல்லை. அதற்கு எதிராக உண்டான பொருளையும் இச்சோதனை சில வேளை மாற்றி அடையாளம் காட்டிவிடும். இன்று தொற்று உண்டா என்று அறியச் சிறுநீரிலோ கருப்பை வாயிலோ பெண்குறியிலோ எடுத்த மாதிரியில் மரபுப்பொருளைத் தேடும் சோதனை வேண்டும். இரண்டு தாளிலும் ஒரே சொல்தான் அச்சாகி வருகிறது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குடும்பங்கள் பிரிகின்றன.

மரபுப்பொருளைத் தேடும் சோதனை மிக நம்பகமானது. ஆனாலும் எந்தச் சோதனையும் பிழையற்றதன்று. ஓர் எளிய கணக்கு. ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு மட்டும் தொற்று உள்ளது என்று கொள்வோம். நோயில்லாத நூறு பேரில் ஒருவரைத் தவறாகச் சுட்டும் சோதனை ஒன்றை அந்த ஆயிரம் பேருக்கும் செய்கிறோம். உண்மையான தொற்று பத்து. தவறாகச் சுட்டப்பட்டவை ஏறக்குறைய இன்னொரு பத்து. அதாவது 'பாசிட்டிவ்' தாள் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் தொற்றே இல்லாதவர்கள். இன்றைய நல்ல சோதனைகள் இதைவிட மேலானவை. ஆயினும் தொற்றுக்கான வாய்ப்பு குறைந்த ஒருவருக்கு எதிர்பாராத முடிவு வந்தால் மறுமுறை உறுதிசெய்யக் கேட்பது அவர் உரிமை. சிகிச்சை முடிந்து நான்கு வாரத்துக்குள் மீண்டும் சோதித்தால் மடிந்த நுண்ணுயிரின் எச்சமே 'பாசிட்டிவ்' காட்டக்கூடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

'நெகட்டிவ்' தாளின் கதை என்ன? அதுவும் 'இப்போது இல்லை' என்று மட்டுமே சொல்கிறது. ஒவ்வோர் உறவிலும் இது தொற்றியே தீரும் என்பதில்லை. ஆகவே ஒருவருக்கு இருந்து துணைக்கு இல்லாமலிருப்பது வியப்பன்று. அல்லது துணைக்கும் இருந்து தானாக விலகியிருக்கலாம். அல்லது வேறு எதற்கோ விழுங்கிய மருந்தில் போயிருக்கலாம். கிளமிடியாவுக்குத் தரும் அசித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் சளிக்கும் காய்ச்சலுக்கும் நம் மருந்துக்கடைகளில் சீட்டின்றிக் கைமாறும் மாத்திரைகள். தோழியின் கணவருக்கு அப்படி நடந்ததா என்று நமக்குத் தெரியாது. நடக்கவில்லை என்று அந்த 'நெகட்டிவ்' தாளுக்கும் தெரியாது. அதைத்தான் கற்புச் சான்றிதழாகக் கூடத்தில் நீட்டினார்கள்.

இத்தனைக்கும் அடியில் ஒரு தர்க்கப் பிழை இருக்கிறது. முதலில் கண்டுபிடிக்கப்பட்டவரே முதலில் பெற்றவர் என்று கொள்கிறோம். யார் முதலில் கண்டுபிடிக்கப்படுகிறார்? யாரைச் சோதிக்கிறோமோ அவர். யாரைச் சோதிக்கிறோம்? கருவுற்றால் பெண்ணை, கருவுறாவிட்டாலும் பெண்ணை. ஆணுக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட இந்தச் சோதனை நிகழாமல் போகலாம். விளக்கை ஒருவர் முகத்தில் மட்டும் அடித்துவிட்டு, இருட்டில் நிற்பவனைக் குற்றமற்றவன் என்கிறோம்.

4

இந்தப் பிழை நம் மொழிக்குள்ளேயே குடியிருக்கிறது. நம் தெருக்களில் இவ்வகை நோய்களுக்கு வழங்கும் பெயர் 'பொம்பளைச் சீக்கு'. ஆணுக்கு வந்தாலும் அது பொம்பளைச் சீக்குதான்; பெண்ணிடமிருந்து வந்தது என்பது பொருள். பெண்ணுக்கு அதை யார் கொடுத்தார் என்று கேட்பதற்கு அச்சொல்லில் இடமே இல்லை. படித்தவர்களாகிய நாம் நாகரிகமாகப் 'பால்வினை நோய்' என்கிறோம். சொல் புதிது. ஆனால் 'வினை' என்றதும் தமிழ்க்காது செயல் என்று மட்டும் கேட்பதில்லை. செய்ததன் பயன் என்றும் கேட்கிறது. 'பால்' என்ற சொல்லுக்கோ பழந்தமிழில் ஊழ் என்றும் பொருளுண்டு. கலைச்சொல் ஆக்கியவர்கள் இதை எண்ணியிருக்க மாட்டார்கள். நம் செவிதான் விதியையும் வினைப்பயனையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறது. பாக்டீரியா உண்டாக்கும் நோய்களில் ஒன்றுக்கு மட்டும் ஏன் முற்பிறவி முதலான கணக்குகள்? காசநோய் வந்தவரிடம் யாருடன் மூச்சு விட்டாய் என்று கேட்கிறோமா?

வரலாறும் இதே கோணலில் நடந்திருக்கிறது. ஆங்கிலேய அரசு தன் படைவீரரைக் காக்கவென்று 1864இல் பிரிட்டனிலும் 1868இல் இந்தியாவிலும் தொற்றுநோய்ச் சட்டங்களைக் கொண்டுவந்தது. பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, நோய் கண்டால் அடைத்துவைக்க 'லாக் ஆஸ்பத்திரி'கள் இருந்தன. சென்னை மாகாணத்திலும் இருந்தன. அப்பெண்களிடம் வந்துசென்ற படைவீரனை அதுபோல் சோதிப்பது அவனுடைய தன்மானத்துக்கு இழுக்கு என்று கருதப்பட்டது. பிரிட்டனில் ஜோசஃபின் பட்லர் முதலியோர் நடத்திய நெடிய போராட்டத்தின் பின் 1886இல் அந்தச் சட்டம் நீங்கியது. இந்தியச் சட்டம் 1888இல் நீங்கியது. கட்டடங்கள் போய்விட்டன. ஆனால் யாரைச் சோதிப்பது, யார் மானத்தைக் காப்பது என்ற அந்தப் பங்கீடு நம் கூடங்களில் இன்றும் உயிரோடிருக்கிறது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், தொற்றும் நிலையிலுள்ள பால்வினை நோயை மணமுறிவுக்கான காரணங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. அதே பட்டியலில் இருந்த தொழுநோயை, அது குணமாகக்கூடியது என்பதால் 2019இல் நீக்கினார்கள். ஒரு வார மாத்திரையில் தீரக்கூடிய கிளமிடியா இன்னும் அந்தச் சொற்றொடருக்குள் அடங்கிக் கிடக்கிறது. மணவுறவுக்கு வெளியிலான உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்சநீதிமன்றம் 2018இல் செல்லாதென்று அறிவித்துவிட்டது. நாட்டின் நீதிமன்றம் கைவிட்ட வழக்கை நம் வீடுகள் ஆய்வகத்தின் துணையோடு நடத்திக்கொண்டிருக்கின்றன.

5

இலக்கியம் கை கழுவிக்கொள்ள முடியுமா?

மருதத் திணையை நினைத்துப் பாருங்கள். தலைவன் பரத்தையிடம் செல்கிறான், திரும்பி வருகிறான். தோழியும் பாணனும் வாயில்களாக வந்து நிற்கிறார்கள். தலைவி ஊடுகிறாள், பின் கதவு திறக்கிறது. அவன் உடம்பு எதைச் சுமந்து வந்தது என்ற கேள்வி அங்கே எழவில்லை. அக்காலத்தில் எழவும் வழியில்லை. கோவலன் மாதவியோடு வாழ்ந்து பொருளெல்லாம் இழந்து திரும்பும்போது கண்ணகி கேட்கும் கணக்கு ஒன்றுமில்லை. மிஞ்சியிருந்த சிலம்பைக் கொடுக்கிறாள். திரும்பிவரும் ஆணை ஏற்றுக்கொள்ள ஈராயிரம் ஆண்டாகப் பழகியவர்கள் நாம். நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெண்ணிடம் அவள் பேச்சைக் கேட்கக்கூடப் பழகவில்லை.

பெண்ணிடம் கேட்டதெல்லாம் நெருப்பு. அதனால்தான் புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாப விமோசன'த்தில், சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். ஜெயகாந்தன் 1966இல் 'அக்கினிப் பிரவேசம்' எழுதியபோது, மகள் தலையில் தண்ணீர் ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லும் தாயை நம் வாசகர்களில் ஒரு பகுதியினரால் தாங்க முடியவில்லை. இவ்விரண்டு கதைகளையும் கொண்டாடும் அதே நாங்கள்தான், சென்ற மாதம் ஆய்வகத் தாளை அக்கினியின் இடத்தில் வைத்த கதைக்குத் தலையசைத்தோம். நெருப்பு அச்செழுத்தாக வந்தால் நமக்கு அடையாளம் தெரியவில்லை.

நோர்வேயின் இப்சன் 1881இல் வெளியிட்ட 'பேய்கள்' நாடகத்தில், ஊர் மெச்சிய கணவன் கொண்டுவந்த நோயை மரியாதைக்குரிய வீடு எப்படி மூடி மறைத்தது என்பதுதான் கதை. மகனுக்கு அந்நோய் பரம்பரையாக வருவதாக அவர் காட்டியது இன்றைய மருத்துவ அறிவுக்கு ஒத்துவராது. ஆனால் வீட்டைச் சரியாகக் கண்டார். நம் புனைவுகளிலோ பால்வினை நோய் பெரும்பாலும் தாசி வீட்டிலிருந்து வருகிறது. திருந்தப்போகும் ஆணுக்குத் தண்டனையாக வருகிறது. கெட்டுப்போன பெண்ணுக்கு முடிவாக வருகிறது. கதாசிரியருக்கு வேறு வழி தெரியாதபோது நோய் வந்து நீதி வழங்கிவிட்டுப் போகிறது. சாதாரணமான ஒரு தம்பதிக்கு, சாதாரணமாக வந்து, ஒரு வாரத்தில் தீரும் ஒன்றாக அதை எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரிடையே 12 கோடியே 90 லட்சம் புதிய கிளமிடியாத் தொற்றுகள். இத்தனை பேருக்கு வருவதை வில்லனின் கையொப்பம் என்று எழுதுகிறவன் எதார்த்தவாதி அல்லன்.

6

இரண்டு மறுப்புகள் எங்களுக்குள்ளேயே எழுந்தன.

முதலாவது: அப்படியானால் உண்மையிலேயே ஏமாற்றியவனுக்கு நீங்கள் தப்பிக்க வழி சொல்லிக்கொடுக்கிறீர்களா? இல்லை. கழிப்பறையிலிருந்து வந்தது, நீச்சல்குளத்திலிருந்து வந்தது என்று சிலர் அன்பின் காரணமாகவே சொல்லும் பொய்யை நாங்கள் சொல்லமாட்டோம். பிறப்பின்போது தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்வதைத் தவிர்த்தால், பிறப்புறுப்பில் காணும் கிளமிடியா பாலுறவால் வருவது. இருவருள் ஒருவர் எப்போதோ வேறொருவரிடமிருந்து பெற்றதுதான் அது. அந்த 'எப்போதோ' மணத்துக்கு முன்பாக இருக்கலாம், பின்பாகவும் இருக்கலாம். அந்த 'ஒருவர்' அவளாக இருக்கலாம், அவனாகவும் இருக்கலாம். ஐயம் எழுவது இயல்பு. மணவாழ்க்கை நீண்டதாயின் ஐயத்துக்கு வலுவும் உண்டு. தாள் யாரையும் விடுவிப்பதில்லை என்பதை ஒப்புகிறோம். தாள் யாரையும் தண்டிக்கவும் இயலாது என்பதை நீங்களும் ஒப்ப வேண்டும். துரோகம் நடந்ததா என்று கேட்க விரும்புகிறவர் துணையின் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். அதே கேள்விக்குத் தாமும் பதில் சொல்லட்டும். அதற்கான துணிவில்லாதவர்களுக்குத்தான் தாள் வசதியாக இருக்கிறது. அது திருப்பிக் கேட்காது.

இரண்டாவது மறுப்பு எங்களுள் முற்போக்காளர் எனப்படுவோரிடமிருந்து வந்தது. காதலில் நம்பிக்கைதான் முக்கியம், பழையதைக் கிளறாமல் விட்டுவிடலாமே என்றார்கள். இதையும் ஏற்க இயலவில்லை. கிளறாமல் விடப்பட்ட தொற்று மேலேறிக் கருப்பையையும் கருக்குழாயையும் அடையக்கூடும். குழாய் அடைப்பு, கருப்பைக்கு வெளியே கரு தங்குதல், தீராத அடிவயிற்று வலி, பிறக்கும் குழந்தையின் கண்ணில் அழற்சி என்று விளைவுகள் நீளும். ஆண்களுக்கும் விரைப்பகுதியில் வீக்கம் வரலாம் என்றாலும், பெருஞ்சுமை பெண்ணுடலின் மீதே விழுகிறது. பெருந்தன்மையான மௌனத்துக்கும் அவள்தான் விலை கொடுக்கிறாள்.

7

ஆகவே வரிசையை மாற்றச் சொல்கிறோம். முதலில் மருந்து, பிறகு பேச்சு. இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளைக்கு இருமுறை, ஏழு நாள். கருவுற்றிருந்தால் அதற்குப் பதில் அசித்ரோமைசின். எதையும் மருத்துவர் சொல்லித்தான் உட்கொள்ள வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் உட்கொள்ள வேண்டும். இருவர் சிகிச்சையும் முடியும்வரை ஏழு நாள் உறவைத் தவிர்க்க வேண்டும். ஒருவர் மட்டும் விழுங்கினால் மற்றவரிடமிருந்து அது திரும்பி வரும். அப்படி வரும்போது 'மறுபடியுமா' என்று இரண்டாவது வழக்கும் அவள்மீதே தொடுக்கப்படும். மூன்று மாதம் கழித்து மறுசோதனை செய்துகொள்வது நல்லது. அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுகளில் இதற்கான சிகிச்சை உண்டு. அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் இருவரும் சேர்ந்து நிற்பதற்குத்தான் நம்மிடம் பழக்கமில்லை.

மருத்துவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். மனைவிக்கு மாதிரி எடுக்கும் நாளிலேயே கணவருக்கும் எடுங்கள். முடிவைத் தருவதற்கு முன், அது என்ன சொல்லும், எதைச் சொல்லாது என்று இரண்டு நிமிடம் இருவரிடமும் பேசுங்கள். அவளுடைய தாளை அவளிடம் கொடுங்கள். அதை உடன் வந்தவர் கையில் திணிக்கும் வழக்கத்தால் எத்தனை பெண்கள் தம் உடலைப் பற்றிய செய்தியை மாமனார் வாய்வழி அறிந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைப்பிரதியை எழுதிய நண்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். கதையைத் தணிக்கை செய்கிறோமோ என்று முதலில் வருந்தினார். இல்லை என்றோம். எழுந்து நடந்துபோகும் கணவன் பொய்யான பாத்திரம் அல்லன். அப்படி நடப்பவர்கள் நிறைய. அவனோடு சேர்ந்து கதைசொல்லியும் எழுந்து போய்விட்டார் என்பதுதான் எங்கள் குறை. தாளை நம்பியது கணவன் மட்டுமென்றால் அது அவனைப் பற்றிய கதையாக இருந்திருக்கும். ஆசிரியரும் நம்பியதால் அது அவளைப் பற்றிய தீர்ப்பாகிவிட்டது.

கதையை எடுத்துச் சென்றிருக்கிறார். அடுத்த மாதம் மீண்டும் வாசிப்பதாகச் சொன்னார். தோழியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், இம்முறை பேசுவாராம். நாற்காலியில் அமர்ந்திருப்பவள் அந்தப் பக்கத்தில் வாயைத் திறக்கிறாளா என்று கேட்கக் காத்திருக்கிறோம்.